காளையை விட்டுப் பெட்டியை எடுத்தவன்

7-2-1954, ஞாயிறு. அபிராமம்

இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. எழுதினால் மானம் போகும். போகட்டும், இந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள். என் கையெழுத்தே அதற்குக் காவல்.

நேற்று எங்கள் பாகப்பிரிவினை. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. அண்ணன் பூமிநாதன் நிலத்தைச் சரிபாதியாக வைத்துவிட்டார், அதில் வம்பில்லை. மிச்சச் சாமான்தான் விஷயம். ஒரு பக்கம் செவலைக் காளைகள் இரண்டும் வண்டியும். இன்னொரு பக்கம் இரண்டு அண்டா, ஒரு குதிர், அய்யா காலத்துப் போட்டோ பிடிக்கிற பெட்டி. நான் காளையைத்தான் எடுப்பேன் என்று ஊரே நினைத்தது. அண்ணன் அதற்குள்ளேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

நான் அண்டாவையும் பெட்டியையும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, "அண்ணன் இதத்தான் எந்தலையில கட்டுனாரு, நான் என்னத்தச் செய்ய?" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி சோலையம்மாள் விடிய விடிய அண்ணனைத் திட்டினாள். நான் அநியாயத்துக்கு ஆளானவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டேன்.

உண்மை இதுதான். பங்கு வைத்து முடிந்து பெரியவர்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காமல் பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. அதில் அண்ணன் தலைகீழாகத் தொங்கினார்! துண்டு, மீசை, நீட்டிய விரல், எல்லாம் தலைகீழ். எனக்கு நாற்பத்தேழு வயசு. அதில் நாற்பது வருஷம் இந்த மனுஷனின் அதட்டலில் போயிருக்கிறது. அவர் கால் மேலேயும் மீசை கீழேயுமாக யாரையோ அதட்டிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இலை இலையாக இறங்கி, ஆட்டுக்குட்டி ஒன்று ஆகாயத்தில் நடந்து போனது. இவ்வளவு அழகை நான் கண்டதில்லை.

அதை விட்டுக் காளையை எடுக்க எந்தக் கையால் முடியும்?

அய்யா இந்தப் பெட்டியை வாங்கிய கதையும் யோக்கியமில்லை. இராமநாதபுரத்தில் கட்டில் ஏலம் எடுக்கப் போனவர், ஈ ஓட்டக் கையைத் தூக்கினார். பெட்டி அவர் தலையில் விழுந்தது. அவர் பிள்ளை நான் வேறு எப்படி இருப்பேன்.

9-2-1954, செவ்வாய்

உழ மாடில்லை. பெட்டிக்கு வைக்கோல் வேண்டாம் என்பது ஓர் ஆறுதல்.

17-2-1954, புதன்

குட்டு உடைந்தது. ஊருணிக்குச் சோலையம்மாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மதினி ராமலெட்சுமி உடைத்துவிட்டார். "ஒங்க வீட்டுக்காரரு தானாத்தேன் காளைய வேணாம்னுட்டாராமே! எங்க வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக."

சோலையம்மாள் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. எனக்குப் பேர்தான் உக்கிரபாண்டி, சேவல் கொத்த வந்தால் கூரையேறுகிறவன்.

"அந்தப் பெட்டிய விரிங்க" என்றாள்.

அவசரமாக முக்காலியை விரித்தேனா, அதன் கால் சரேலென்று மடங்கி என் வலது கட்டைவிரல் நகத்தை நடுவாகப் பிளந்துவிட்டது. ரத்தத்தோடு, குற்றவாளி மாதிரி பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் துணிக்குள் தலையை விட்டாள். கொஞ்ச நேரத்தில் துணி குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

சிரிப்பு.

"இருவத்தஞ்சு வருசமா நீங்க எனக்கு இப்படித்தேன் தெரியிறீக. இந்தப் பெட்டிக்கு அது எப்படித் தெரிஞ்சுச்சு?"

மகள் சேதுலட்சுமிகூட வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாசம்!

சாயங்காலம் நான் தெருவிலிருந்து வரும்போது சோலையம்மாள் யாருக்கும் தெரியாமல் துணிக்குள் தலையை விட்டு, மேய்கிற கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பி நடந்து, இருமிக்கொண்டே மறுபடி வந்தேன்.

27-2-1954, சனி

இராமநாதபுரம் ஸ்டூடியோ ஒன்றில் நாலு நாள் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்று வந்துவிட்டேன். (நாலு நாளில் கற்றேன் என்பது ஸ்டூடியோக்காரர் காதில் விழவேண்டாம்.) கண்ணாடித் தகட்டைச் சொருக வேண்டும். முன் மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மூட வேண்டும். அப்புறம் இருட்டில் மருந்துகளில் போட்டெடுத்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். "எண்ணும்போது வாயைத் தொறந்து வேற பேசாதீரு" என்று ஏழு தடவை சொன்னார். என்னைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடித்தாரோ.

முதல் படம், அண்ணனுக்குப் போன செவலைக் காளை. மூடியைக் கழற்றி "ஒண்ணு" என்றேன். தெருவில் போனவர் ஒரு செய்தி சொன்னார், கேட்டுக்கொண்டேன். "ரெண்டு" என்றேன். நானும் ஒரு செய்தி சொன்னேன். படத்தில் காளைக்கு மூன்று தலை.

அண்ணன் தலையில் கையை வைத்தார். "ஏலே, எம் மாட்ட என்னலே பண்ணி வச்சிருக்க?"

இனிமேல் சோலையம்மாள்தான் எண்ணுவாள் என்று முடிவாகிவிட்டது. களத்தில் நெல் அளக்கிற மாதிரி எண்ணுகிறாள்: "லாபம், ரெண்டு, மூணு." ஒன்று என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. முதல் மரக்காலுக்கு எப்போதும் லாபம்தானே.

4-3-1954, வியாழன்

மருமகன் முத்தழகிடமிருந்து கடிதம். கொழும்பில் பலசரக்குக் கடையில் இருக்கிறார். கல்யாணம் முடிந்து நாலு மாசத்தில் கப்பலேறியவர். இரண்டு வருஷமாகக் காகிதம்தான் குடும்பம் நடத்துகிறது. இப்போது சேதுவை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாம். தாளும் அனுப்பியிருக்கிறார். அதில் சேதுவின் போட்டோ ஒட்டி, மண்டபம் ஊரில் இருக்கிற ஆபீசில் முத்திரை வாங்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் அங்கே போய் இறங்கவேண்டும். தப்பினால் தாள் செல்லாது, மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்.

சேது அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரத்தை உருட்டினாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

ஊர் அவளை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். "கொழும்புக்காரன் அங்கன ஒருத்தியச் சேத்துக்கிட்டானாம், இது வாழாவெட்டிதேன்." அடுத்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் இந்தப் பேச்சை நானே நாலு தெரு கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். அதுதான் உறுத்துகிறது.

"ராம்நாட்டுல போயி எடுத்துக்கிருவோம்யா" என்றாள் சேது.

"வீட்டுல உலை கொதிக்கையில கிளப்புக் கடைக்குச் சோறு திங்கப் போறதா? நான் எடுக்குறேன்."

14-3-1954, ஞாயிறு

எடுத்தேன். சோலையம்மாள் "லாபம், ரெண்டு, மூணு" சொன்னாள், நான் மூடினேன். மாட்டுக் கொட்டத்தைச் சாக்கால் அடைத்து, லாந்தருக்குச் சோலையம்மாளின் சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டி, தகட்டை மருந்தில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக என் மகள் கண்ணாடிக்குள்ளிருந்து மேலே வந்தாள். முடி வெள்ளையாக, முகம் கறுப்பாக. கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த வயசில் இப்படி ஒரு மயக்கமா? கல்யாணத்தன்றுகூட எனக்கு இப்படி இல்லை. (சோலையம்மாள் இதைப் படிக்கவே கூடாது.)

கழுவ ஊருணித் தண்ணீர் கேட்டேன். "குடிக்கிற தண்ணியில படத்தக் குளிப்பாட்டவா? வீட்டுக்கு நாளைக்கு ரெண்டு கொடம்தேன். கெணத்துல எறைங்க" என்றாள். எங்கள் கிணறு உப்புக் கரிக்கும்; மாடுகூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கும். தண்ணீர் தண்ணீர்தானே என்று அதிலேயே கழுவினேன்.

16-3-1954, செவ்வாய்

படம் காய்ந்துவிட்டது. சேதுவின் முகமெல்லாம் வெள்ளை வெள்ளைப் புள்ளி. நெற்றியில், கன்னத்தில், மூக்கில். உப்புத் தண்ணீர் தகட்டில் காய்ந்து பூத்துவிட்டது.

வந்து பார்த்த மதினி ராமலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா மாரி! படத்துலயில்ல அம்மை எறங்கியிருக்கு!" அரைமணி நேரத்தில் வாசலில் வேப்பிலை சொருகிவிட்டார்கள். பிள்ளை நல்லாத்தான் இருக்கிறாள் என்று நான் சொல்லச் சொல்ல, "பிள்ளைக்கு வாரதுக்கு முன்னுக்கூட்டியே படத்துக்கு வந்திருக்கு" என்கிறார்கள். ஒரு வாரத்துக்குத் தாளிக்கக் கூடாது என்று உத்தரவு.

தாளிக்காத குழம்பு. என் புத்திக்கு வேண்டியதுதான்.

18-3-1954, வியாழன்

பென்சிலால் புள்ளிகளை அடைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ரொம்பத் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். தபாலில் அனுப்பிவிட்டேன்.

20-4-1954, செவ்வாய்

மண்டபத்திலிருந்து படம் திரும்பி வந்துவிட்டது, ஒரு குறிப்போடு: படத்தில் இருப்பவருக்கு அம்மைத் தழும்பு இருக்கிறது, விவரத்தில் அங்க அடையாளமாக அது சொல்லப்படவில்லை, தெளிவான படத்தோடு நேரில் வரவும்.

நியாயமான பதில். அவர்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

சேது என்னைத் திட்டவில்லை. தாளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, "ஒங்களுக்கு அது வெளயாட்டுச் சாமான்யா. எனக்கு அப்படியில்ல" என்றாள். அவ்வளவுதான்.

நான் என்னத்தச் செஞ்சுபுட்டேன்? ஒரு மாசம் வீணாப் போச்சே. கூட்டிட்டுப் போயி ஸ்டூடியோவுல ஒக்கார வச்சிருந்தா முடிஞ்சுபோற காரியம். எதுக்கு இந்த வீம்பு? அண்ணன் சிரிச்சாருன்னா? இல்ல — உண்மையச் சொல்லு உக்கிரபாண்டி — பிள்ளை போயிருவான்னா? படம் நல்லா வந்தா அவ போயிருவா. அதுக்குத்தேன் கையி தானாத் தப்புப் பண்ணுச்சா?

தெரியவில்லை. தெரியாது என்று எழுதினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

28-4-1954, புதன்

இன்னும் ஒரு முட்டாள்தனம். நல்ல தண்ணீரில் கழுவிப் பார்த்துவிடலாம் என்று உச்சிவெயிலில் ஆளில்லாத நேரமாக ஊருணியில் எட்டுக் குடம் எடுத்தேன். ஒன்பதாவது குடத்தில் காவல்காரர் பிடித்துவிட்டார். மழை பொய்த்த வருஷம். ஊருணியில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கிறது. கூட்டம் கூடியது, தலைவர் யார் என்றால் அண்ணன்தான்.

"ஏலே, காளையும் வேணாம்ன. ஊரு குடிக்கிற தண்ணியும் போட்டோவுக்கா?"

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எட்டுக் குடத்தையும் திரும்ப ஊருணியில் ஊற்றச் சொன்னார்கள். வீட்டுக்குப் போன தண்ணீர் திரும்பக்கூடாது என்று பாதிப் பேர் சொல்ல, அதில் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் மாடுகள் குடித்தன. அந்தச் செவலைக் காளைகள்தான்.

30-5-1954, ஞாயிறு

சோலையம்மாள் என்னிடம் கேட்கவே இல்லை. சேதுவைக் கூட்டிக்கொண்டு இராமநாதபுரம் போய் ஸ்டூடியோவில் எடுத்து, நாலு நாள் கழித்துத் திரும்பப் போய்ப் படத்தை வாங்கியும் வந்துவிட்டாள். நல்ல படம். ஒரு புள்ளி இல்லை. ஆனால் சேது எதையோ விழுங்கினவள் மாதிரி இருக்கிறாள். பொறாமையில் சொல்கிறேனா? பொறாமையில்தான் சொல்கிறேன்.

ஜூன் 14-ம் தேதி, திங்களன்று மண்டபத்தில் ஆஜராக வேண்டும். அதற்கு முன்னால் இராமேசுவரத்தில் மூன்று பேரும் தீர்த்தமாட வேண்டும் என்று சோலையம்மாளுக்கு வேண்டுதல். நானும் தகடு, மருந்தோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "கடல எடுக்கணும்" என்றேன். சேது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோலையம்மாள், "வரட்டும், அதுவும் ஒரு முழுக்குப் போடட்டும்" என்றாள்.

12-6-1954, சனி. பாம்பன்

நான் இதை எப்படி எழுத?

ரயில் பாலத்தில் ஏறியதும் வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சேதுக் கடலுக்குக் காசு போட எழுந்தார்கள். கடலைக் கடக்கும்போது காசு போடாமல் யார் போவார்கள்? நானும் எழுந்தேன். காசு சட்டைப்பையில். சேதுவின் போட்டோ இருந்த உறையும் அதே சட்டைப்பையில். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கண்ணை மூடி, பிள்ளை நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே கையை வீசினேன்.

கையில் வந்தது காசு மட்டும் இல்லை. மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று உறையை அப்படியே வாங்கிக்கொண்டது. வெள்ளைப் பறவை மாதிரி இரண்டு தடவை புரண்டது. அப்புறம் இல்லை.

காசு என் காலடியில் கிடந்தது.

பாம்பனில் ஜெய்னுலாபுதீன் வீட்டில் இறங்கினோம். எங்கள் சந்தைக்கு வாரம் தவறாமல் கருவாடு கொண்டுவருகிறவர். என்னை மச்சான் என்பார், சோலையம்மாளைத் தங்கச்சி என்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜெய்னுலாபுதீனுக்குச் சிரிப்பு வராத விஷயம் என்றால் பெரிய விஷயம்தான். நாளை ஞாயிறு, ஸ்டூடியோ பூட்டு. திறந்தாலும் நாலு நாள் கேட்பார்கள். திங்களை விட்டால் அடுத்த தேதி எப்போது தருவார்களோ.

சேது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல? ரெண்டு தடவ கெடுத்துட்டேன். ரெண்டு தடவ!

13-6-1954, ஞாயிறு. பாம்பன்

விடியற்காலை இராமேசுவரம் போய் முழுகினோம். முதலில் கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் கிணறு கிணறாக வாளித் தண்ணீர். ஈரச் சேலையோடு வரும்போது சோலையம்மாள் நடு வழியில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒடம்புல இப்ப உப்பு இருக்கா?"

"இல்ல."

"கடல்லதான முழுகுனோம்? கடைசியில நல்ல தண்ணி ஊத்துனோம், உப்புப் போயிருச்சு. படத்தையும் அப்படிக் குளிப்பாட்டுனா என்ன? கடல்ல அலசிட்டு, கடைசிக்கு ஒத்தக் கொடம் நல்ல தண்ணி."

நான் தலையாட்டவில்லை. உப்பு என்றாலே எனக்கு வேப்பிலை ஞாபகம் வருகிறது. பாம்பன் வந்து ஜெய்னுலாபுதீனிடம் சொன்னதும் அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "மச்சான், ஜப்பான் சண்டை நேரத்துல நான் திருகோணமலையில கப்பல் சமையக்கட்டுல இருந்தேன்ல? அங்கன போட்டோப் பிடிக்கிற துரை கடல்தண்ணியிலதான் கழுவுவான். கடைசிக்கு எங்கிட்ட வந்து ரெண்டு செம்பு நல்ல தண்ணி வாங்குவான். தங்கச்சி சொல்றது அல்லா மேல ஆணையா சரி!"

நான் சேதுவிடம் போனேன். பெட்டியைக் காட்டினேன். அவளே எழுந்து தலையைச் சீவிக்கொண்டு, "இந்தத் தடவையும் அம்மாவே எண்ணட்டும்யா" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் மணல். அவள் உட்கார்ந்தாள், பின்னால் வெள்ளை வேட்டி. காற்று வேட்டியைத் தோணிப் பாய் ஆக்கியது. அதை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெய்னுலாபுதீன் நல்ல தண்ணீருக்குப் போயிருந்தார். நான் துணிக்குள் தலையை விட்டேன். என் பிள்ளை தலைகீழாக இருந்தாள். அவளுக்கு மேலே மணல், தலைக்குக் கீழே கடல், அதில் ஒரு தோணி. அவள் என்னைப் பார்க்கவில்லை, தோணி போகிற திசையையே பார்த்தாள். நான் உள்ளே கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றேன். அந்தக் காற்றில் யாரும் நம்பக்கூடிய பொய்தான்.

"இங்கன பாரு தாயி" என்று சோலையம்மாள் கூப்பிட்டாள். சேது திரும்பினாள். "லாபம், ரெண்டு, மூணு."

நான் எடுத்தேன்.

ஜெய்னுலாபுதீனின் கருவாட்டுக் கிடங்குதான் இருட்டறை. சன்னல் கிடையாது, காற்றும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு மருந்தில் போட்டேன். பிறகு தகட்டைக் கடலுக்குக் கொண்டுபோய், முழங்கால் ஆழத்தில் நின்று அலசினேன். சோலையம்மாள் குடத்தைத் தூக்கி, சாமி சிலைக்கு ஊற்றுகிற மாதிரி மெல்ல நல்ல தண்ணீரை ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் காகிதத்தில் எடுத்தாகிவிட்டது.

ஒரு புள்ளி இல்லை. ஒரு புள்ளி இல்லை! உப்புக் காற்றில் நெற்றி மயிர் ஒன்று பறந்து நிற்கிறது, அதுகூடத் தெரிகிறது. கண் நம்மை நேராகப் பார்க்கிறது. எதையும் விழுங்கின முகம் இல்லை. கிளம்பத் தயாரான முகம்.

சேது படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் இப்படியா இருக்கேன்?" என்றாள். அப்புறம், "கருவாட்டு வாடை அடிக்குதுய்யா" என்றாள். சிரித்தாள்.

14-6-1954, திங்கள்

முத்திரை குத்தியாகிவிட்டது. அங்கிருந்தவர் படத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குத்தினார்.

24-6-1954, வியாழன். தனுஷ்கோடி

கப்பல் போய்விட்டது. மேல்தட்டில் நின்ற அவள் சேலை நிறம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பெட்டியை விரித்து வைத்திருந்தேன். ஆனால் மூடியைக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்று சட்டமா?

சோலையம்மாள் கடைசி வரைக்கும் அழவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பாலத்துல காசு போடுறதா இருந்தா என்கிட்ட குடுங்க" என்றாள்.

11-7-1954, ஞாயிறு. அபிராமம்

ஜெய்னுலாபுதீன் சந்தைக்கு வந்தவர் கருவாடு விற்கவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார். "மச்சான், தெனமும் பத்துப் பேரு தாளும் கையுமா பாம்பன்ல எறங்குறான். போட்டோ இல்லாம முழிக்கிறான். எம் முன்னறை சும்மா கெடக்கு. வாங்க."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தால் சோலையம்மாள் அண்டாவைக் கவிழ்த்து வைத்துச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

22-8-1954, ஞாயிறு. பாம்பன்

முன்னறையில் நாங்கள். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். 'சேது போட்டோ' என்று பலகை மாட்டியாகிவிட்டது. வாசலில் மாதிரிக்குச் சேதுவின் அந்தப் படம், சட்டம் போட்டு.

வருகிறவர்கள் பாவம், விறைத்துப்போய் உட்காருகிறார்கள். நான் ஊர்வம்பு சொல்லித் தளர்த்துகிறேன். என் வாய்க்கு இத்தனை நாள் கழித்து ஒரு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் கடல் வெளிச்சம் சன்னல் வழியே முகத்தில் ஒரு பக்கமாக விழும்போது, அவரவர் பயமும் ஆசையும் மேலே வருகிறது. அதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே இல்லை. நாற்பத்தேழு வருஷம் வாயால் பார்த்த மனிதர்களை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

5-12-1954, ஞாயிறு

அண்ணன் வந்தார்! இராமேசுவரத்துக்கு வந்த சாக்கில் பூமிநாதன் அவர்கள் என் கடையில் படம் எடுக்க உட்கார்ந்தார். துணிக்குள் போனேன். பழையபடி தலைகீழாகத் தொங்கினார். ஆனால் மீசை நரைத்திருந்தது. கை முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம், என் முன்னால்.

நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. வேறொன்று வந்தது. அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

"ஏலே, காளை ரெண்டும் சொகமா இருக்கு" என்றார் போகும்போது. அது மன்னிப்பா, குத்தலா? இரண்டும்தான்.

16-1-1955, ஞாயிறு. பாம்பன்

சேதுவிடமிருந்து கடிதம். மாசமாக இருக்கிறாள், சித்திரையில் பிறக்குமாம். தன் படத்தின் இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். முதல் பிரதியை முத்தழகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்து நைந்துபோய்விட்டதாம். சட்டைப்பையில் வைக்க வேண்டாம் என்று பதில் எழுத வேண்டும். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

இன்று ஸ்டேஷன் மாஸ்டர் அய்யா வாசலில் நின்று அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, "யாரு எடுத்தது இது? கண்ணு பேசுதே" என்றார். "நான்தாங்க" என்றேன். உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சோலையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போல.

சாயங்காலம் உப்புப் படிந்த சட்டத்தைக் கழற்றித் துடைத்தேன். சட்டம் மறைத்திருந்த மேல் ஓரம் தெரிந்தது. இரண்டு மூலையிலும் வெள்ளை வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல். அதில் ஒன்றின் நகம் நடுவாகப் பிளந்திருக்கிறது, அன்று முக்காலி பிளந்த நகம். மூடியைக் கழற்றிய கை என்னுடையது இல்லை.

விரல்கள் மறையும்படி சட்டத்தை ஒரு விரற்கடை இறக்கி, ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.